எந்த ஒன்று மெய்யாக இருக்க வேண்டும்?

1990களின் நடுப்பகுதியில், கலிஃபோர்னியாவில் பாம் என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப்பையில் ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டு நடமாடினார். கையடக்கக் கணினி ஒன்றை உருவாக்குவது அவருடைய திட்டம். அவரது நிறுவனம் மென்பொருள் எழுதிக்கொடுத்த ‘ஸூமர்’ என்ற கருவி 1993-ல் வெளிவந்து சந்தையில் எடுபடாமல் போயிருந்தது. அதே ஆண்டு ஆப்பிள் வெளியிட்ட ‘நியூட்டன்’ சட்டைப்பைக்குள் அடங்காத அளவுக்குப் பெரியது. அடுத்த கருவி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? அதில் எத்தனை பொத்தான்கள் வேண்டும்? நாள் முழுக்க ஒருவர் அதைச் சுமந்து திரிவாரா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடித்தான் ஹாக்கின்ஸ் மரத்தை அறுத்தார். திரையின் தோற்றத்தைக் காகிதத்தில் அச்சிட்டு அதன்மேல் ஒட்டினார். சீன உணவு உண்ணும் குச்சி ஒன்றைச் சீவி எழுதுகோலாக்கிக்கொண்டார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால், மரத்துண்டை வெளியே எடுத்து, குச்சியால் தட்டி, நாட்காட்டியைப் புரட்டுவதுபோலப் பாவனை செய்வார்.

அந்த மரத்துண்டில் மின்கலம் இல்லை, சில்லு இல்லை, ஒரு வரி நிரலும் இல்லை. ஆனாலும் இரண்டு விஷயங்களில் அது முழுக்க மெய்யானது. அதன் அளவு, வரப்போகும் கருவியின் அளவு. அது வெளியே எடுக்கப்பட்ட தருணங்கள், ஒரு மனிதருக்கு உண்மையிலேயே நாட்காட்டி தேவைப்பட்ட தருணங்கள். மற்ற எல்லாமே பாவனை. 1996-ல் ‘பைலட்’ வெளிவந்தபோது அது சட்டைப்பைக்குள் அடங்கியது. நாட்காட்டி, முகவரிகள், செய்ய வேண்டியவை, குறிப்புகள் ஆகிய நான்குக்கும் தனித்தனிப் பொத்தான் இருந்தது. மரத்துண்டு இன்று மவுன்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பயனர் இடைமுக வடிவமைப்பில் முன்மாதிரிகளை வழக்கமாக ஓர் ஏணியாகக் காட்டுவார்கள். கீழ்ப்படியில் பென்சில் கிறுக்கல். அடுத்து, கட்டங்களும் கோடுகளும் மட்டும் கொண்ட வயர்ஃபிரேம். அதற்கு மேல், ஃபிக்மா போன்ற கருவியில் செய்த, தட்டினால் அடுத்த திரைக்குப் போகும் வண்ணப் பக்கங்கள். உச்சியில், உண்மையான நிரலில் ஓடும் மாதிரி. கீழிருப்பவற்றைக் குறைந்த விவரம் கொண்டவை என்றும் மேலிருப்பவற்றை நிறைந்த விவரம் கொண்டவை என்றும் சொல்வார்கள். தொடங்குபவருக்கு இந்த ஏணி உதவும். ஆனால் ஹாக்கின்ஸின் மரத்துண்டை அதில் எந்தப் படியில் வைப்பது? நிரல் என்று பார்த்தால் அது தரையில் கிடக்கிறது. அளவு என்று பார்த்தால் உச்சியில் நிற்கிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் ஏணியை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொரு கேள்வியைக் கையில் எடுப்போம்: ஒரு முன்மாதிரியில் எது மெய்யாக இருக்க வேண்டும், எது பாவனையாக இருக்கலாம்?

அட்டைப்பெட்டிகளுடன் ஒரு பத்திரிகை அலுவலகம்

1981-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் ‘யுடோபியா’ என்ற ஆய்வுத் திட்டம் தொடங்கியது. நாளிதழ்ப் பக்கங்களை ஈய எழுத்துகளாலும் ஒட்டுத்தாள்களாலும் அமைத்துவந்த தொழிலாளர்களின் வேலைக்குள் கணினி நுழைந்துகொண்டிருந்த காலம் அது. அச்சுத் தொழிலாளர் சங்கமும் ஆய்வாளர்களும் கைகோத்தார்கள். கைத்திறனை அழிக்காமல் அதை வளர்க்கும் கணினிக் கருவிகளைத் தொழிலாளர்களே வடிவமைக்க முடியுமா என்பது அவர்களின் கேள்வி. பெல்லே ஏன், மார்ட்டன் கியுங் முதலியோர் இதில் முன்னின்றனர்.

முதலில் தேவைகளை எழுத்தில் விவரித்துப் பார்த்தார்கள். பக்க வடிவமைப்பில் பழுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த விவரிப்புகளும் வரைபடங்களும் எதையும் சொல்லவில்லை. அவர்களுடைய அறிவு கையில் இருந்தது. செய்தால்தான் அது வெளிவரும். எனவே ஆய்வாளர்கள் அட்டை, ஒட்டுப்பலகை, காகிதம் இவற்றைக் கொண்டு ஒரு போலிப் பணியிடத்தை அமைத்தார்கள். திரையாகக் காகிதங்கள். ‘மேசை லேசர் அச்சு இயந்திரம்’ என்று எழுதி ஒட்டிய வெற்று அட்டைப்பெட்டி. மேசையில் வைக்கும் லேசர் அச்சு இயந்திரம் அன்று எந்த அலுவலகத்திலும் சாதாரணமாகக் காணக்கிடைக்காத பொருள். தொழிலாளர்கள் அந்தப் போலி மேசையில் உட்கார்ந்து பக்கம் அமைத்தார்கள். ஒரு கட்டளை கொடுத்தால் காகிதத் திரையை ஒருவர் மாற்றி வைப்பார்.

இங்கே கருவி பாவனை, வேலை மெய். செய்தியை வெட்டுவது, படத்தைப் பொருத்துவது, தலைப்பை இழுத்துப் பார்ப்பது என்று தம் வாழ்நாள் முழுக்கச் செய்துவந்ததையே அவர்கள் செய்தார்கள். அட்டைப்பெட்டிக்கு இன்னொரு நற்குணமும் உண்டு. அதைக் கண்டு யாரும் அஞ்ச மாட்டார்கள். ‘இது இந்தப் பக்கம் இருந்தால் வசதி’ என்று தோன்றினால் கத்தரிக்கோலை எடுத்து அங்கேயே மாற்றிவிடலாம். அதற்கு நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. தொழிலாளியும் பொறியாளரும் ஒரே கருவியோடு ஒரே மேசையில் நின்று மாற்றம் செய்ய முடிந்த அபூர்வமான கட்டம் அது.

காகித முன்மாதிரி இன்று உலகெங்கும் ஒரு முறையாக வளர்ந்திருக்கிறது. மார்க் ரெட்டிக் 1994-ல் எழுதிய கட்டுரையும் கரோலின் ஸ்னைடர் 2003-ல் வெளியிட்ட நூலும் அதைப் பரவலாக்கின. வேண்டிய பொருட்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைப்பவை: வெள்ளைத்தாள், தடித்த பேனா, கத்தரிக்கோல், பசைத்தாள். ஒவ்வொரு திரைக்கும் ஒரு தாள். கீழே விரியும் மெனுவுக்குத் தனியே வெட்டிய ஒரு துண்டு. எழுதி அழிப்பதற்கு மேலே ஒளிபுகும் தாள்.

நடத்துவதற்கு மூவர் போதும். ஒருவர் ‘கணினி’. பயனர் விரலால் எதைத் தொடுகிறாரோ அதற்குரிய தாளை எடுத்து வைப்பது மட்டுமே அவர் வேலை; வாய் திறக்கக் கூடாது. இன்னொருவர் நடத்துநர். ‘அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போக வேண்டும், டிக்கெட் எடுங்கள்’ என்று பணியைச் சொல்வார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்ல மாட்டார். மூன்றாமவர் பார்த்து எழுதிக்கொள்பவர். பயனரின் விரல் எங்கே தயங்கியது, எதைப் பொத்தான் என்று நினைத்து எதைத் தொட்டது, எந்தச் சொல்லைப் பார்த்துப் புருவம் சுருங்கியது என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏறும். சிக்கல் தெரிந்தால் அடுத்த பயனர் வருவதற்குள் புதுத்தாளில் திரையை வரைந்துவிடலாம்.

பயனர் தடுமாறும்போது உதவிவிடத் துடிப்பதுதான் இந்த முறையில் பெரும் சோதனை. வடிவமைத்தவரே ‘கணினி’யாக உட்கார்ந்திருக்கும்போது, தான் ஆசை ஆசையாக வைத்த பொத்தானைப் பயனர் பார்க்காமலே கடந்து போவதை மௌனமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாளை செயலி உலகத்துக்குப் போனபின் பயனர் பக்கத்தில் விளக்கம் சொல்ல யாரும் நிற்கப்போவதில்லை. அந்தத் தனிமையை இப்போதே மெய்யாக்குவதுதான் மௌனத்தின் பணி.

திரைக்குப் பின்னால் ஒரு மனிதர்

இன்னும் கண்டுபிடிக்கப்படாத தொழில்நுட்பத்துக்கு முன்மாதிரி செய்ய முடியுமா? 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வகத்தில் ஜான் கௌல்டும் அவருடைய சகாக்களும் இதைச் செய்துகாட்டினார்கள். பேசினால் தட்டச்சு செய்யும் இயந்திரம் வந்தால் மக்கள் அதைக் கொண்டு கடிதம் எழுதுவார்களா என்பது அவர்களின் கேள்வி. அப்படி நம்பத்தக்க இயந்திரம் அன்று இல்லை. எனவே வேறோர் அறையில் வேகமாகத் தட்டச்சு செய்யும் ஒருவரை உட்காரவைத்தார்கள். பயனர் ஒலிவாங்கியில் பேசுவார். அவர் கேட்டு அடிப்பார். எழுத்துகள் பயனரின் திரையில் தோன்றும்.

இந்தச் சோதனையின் நுட்பம் அதன் கட்டுப்பாடுகளில் இருக்கிறது. மனிதர் எந்தச் சொல்லையும் புரிந்துகொள்வார். வரப்போகும் இயந்திரம் அப்படி இருக்காது. ஆகவே அடிக்கப்பட்ட சொற்களைக் கணினி வடிகட்டியது. சில சோதனைகளில் 1,000 சொற்கள், சிலவற்றில் 5,000 சொற்கள் மட்டுமே அதற்குத் ‘தெரியும்’. பட்டியலுக்கு வெளியே உள்ள சொல் வந்தால் திரையில் வெறும் ‘X’ எழுத்துகள் தோன்றும். சிலர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேச வேண்டும். சிலர் தொடர்ந்து பேசலாம். எந்த அளவு திறன் வந்தால் இயந்திரம் பயனுள்ளதாகும் என்பதை, இயந்திரத்தைக் கட்டுவதற்கு முன்பே அளந்து பார்க்க முடிந்தது. 1983-ல் வெளியான அந்த ஆய்வு, சொல் சொல்லாக நிறுத்திப் பேசினாலும் சொற்களஞ்சியம் போதிய அளவு பெரிதாக இருந்தால் மக்கள் அதைக் கொண்டு கடிதம் எழுதிவிடுவார்கள் என்று காட்டியது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அதே காலத்தில் ஜே. எஃப். கெல்லி தம் முனைவர் பட்ட ஆய்வில் இந்த உத்தியை இன்னொரு திசையில் கொண்டுபோனார். சாதாரண ஆங்கில வாக்கியங்களைப் புரிந்துகொள்ளும் நாட்காட்டி நிரல் ஒன்றை அவர் எழுதிக்கொண்டிருந்தார். நிரலுக்குப் புரியாத வாக்கியம் வந்தால் மறைவிலிருந்து அவரே குறுக்கிட்டு விடை கொடுப்பார். மக்கள் உண்மையில் எப்படிக் கேட்கிறார்கள் என்பது தெரியத் தெரிய அதை நிரலில் சேர்ப்பார். நிரல் வளர வளர அவருடைய குறுக்கீடு குறைந்தது. திரைச்சீலைக்குப் பின் மனிதர் ஒளிந்திருக்கும் ஓஸ் மந்திரவாதிக் கதையின் பெயராலேயே இந்த முறை இன்றும் அழைக்கப்படுகிறது.

இன்று அரட்டை உதவியாளர்களையும் குரல்வழிச் சேவைகளையும் வடிவமைப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும் வழி. எந்திரத்தின் அறிவு பாவனை. பயனரின் பேச்சு மெய். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: சோதனை முடிந்ததும் பின்னால் இருந்தது மனிதர்தான் என்பதைப் பங்கேற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும். இயந்திரம் என்று நம்பி ஒருவர் சொன்ன சொந்த விஷயத்தை ஒரு மனிதர் கேட்டிருக்கிறார் என்பது அவர் அறிய வேண்டிய செய்தி.

மெருகு பேச்சை மாற்றும்

ஒரே வடிவமைப்பைப் பென்சிலில் வரைந்து காட்டுங்கள். பிறகு வண்ணமும் எழுத்துருவும் சேர்த்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் வரும் கருத்துகள் ஒன்றாக இருக்காது. கோட்டோவியத்தைப் பார்ப்பவர் ‘இந்தப் பக்கம் எதற்கு? இதற்கு முன்பே பணம் கேட்கலாமே’ என்று அமைப்பைப் பற்றிப் பேசுவார். மெருகேறியதைப் பார்ப்பவர் ‘நீலம் கொஞ்சம் அடர்த்தி’ என்பார். முடிந்துவிட்டதுபோலத் தெரியும் ஒன்றின் அடித்தளத்தைக் கேள்வி கேட்க மனிதருக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. மாற்றக்கூடியதாகத் தெரியும் மேற்பரப்பை மட்டும் தொடுகிறார்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லாண்டேயும் பிராட் மையர்ஸும் 1995-ல் வெளியிட்ட ‘சில்க்’ என்ற கருவி இந்தக் கவலையிலிருந்து பிறந்தது. வடிவமைப்பாளர் மின்னெழுதுகோலால் கிறுக்கிய சதுரத்தைக் கருவி பொத்தான் என்று அடையாளம் கண்டுகொள்ளும்; தட்டினால் அது வேலையும் செய்யும். ஆனால் தோற்றத்தில் கிறுக்கலாகவே இருக்கும். ஊடாட்டத்தை மெய்யாக்கி, தோற்றத்தை வேண்டுமென்றே கரடுமுரடாக விட்டார்கள். 2008-ல் வந்த பால்சமிக் என்ற கருவியும் இதே எண்ணத்தால்தான் கையால் வரைந்ததுபோன்ற கோடுகளைப் பயன்படுத்துகிறது.

கரடுமுரடான மாதிரியில் பிழைகள் தப்பிவிடாதா என்ற ஐயம் நியாயமானது. 1996-ல் ராபர்ட் விர்சியும் சகாக்களும் இதைச் சோதித்தார்கள். ஒரு மின்னூலுக்கும் ஒரு குரல்வழித் தொலைபேசிச் சேவைக்கும் குறைந்த விவர மாதிரியையும் நிறைந்த விவர மாதிரியையும் வைத்துத் தனித்தனியாகப் பயனர் சோதனை நடத்தினார்கள். இரண்டிலும் வெளிப்பட்ட சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. நாம் தேடும் சிக்கல்கள் எதிர்பார்ப்பு, சொல், வரிசை ஆகியவற்றோடு தொடர்புடையவையாக இருக்கும்வரை, காகிதமே போதும்.

மெருகு மட்டுமல்ல, எண்ணிக்கையும் பேச்சை மாற்றுகிறது. மரியம் தோஹிதி, பில் பக்ஸ்டன் முதலியோர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் வீட்டின் தட்பவெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு மூன்று காகித முன்மாதிரிகள் செய்யப்பட்டன. சிலருக்கு ஒன்றை மட்டும் காட்டினார்கள். சிலருக்கு மூன்றையும் காட்டினார்கள். ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் தாராளமாக மதிப்பெண் கொடுத்தார்கள். மூன்றையும் பார்த்தவர்கள் அதே வடிவத்துக்குக் குறைவாகக் கொடுத்தார்கள், குறைகளையும் தயங்காமல் சொன்னார்கள். எதிரே நிற்பவரின் உழைப்பைக் குறை சொல்ல மனம் வராத நல்லவர்கள்தான் பெரும்பாலான பயனர்கள். மூன்று வடிவங்களை முன்வைத்தால், ‘இதைவிட அது மேல்’ என்று சொல்வதற்கு அவர்களுக்கு வழி திறக்கிறது. மூன்று காகித மாதிரிகள் செய்ய ஆகும் நேரத்தில் ஒரு மெருகான மாதிரியைக்கூட முடிக்க முடியாது என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும்.

ஐந்து இழைகள்

ஸ்டெபனி ஹௌடும் சார்லஸ் ஹில்லும் 1997-ல் முன்மாதிரிகளைப் பற்றி ஓர் அடிப்படைக் கேள்வி எழுப்பினார்கள்: ஒரு முன்மாதிரி உண்மையில் எதற்கு முன்மாதிரி? பயனரின் வாழ்வில் அந்தப் பொருள் வகிக்கும் இடத்துக்கா, அதன் தோற்றத்துக்கும் தொட்டுணர்வுக்குமா, அல்லது அது உள்ளே இயங்கும் விதத்துக்கா? பெரும்பாலான மாதிரிகள் இவற்றில் ஒன்றைத்தான் சோதிக்கின்றன. எதைச் சோதிக்கிறோம் என்று சொல்லாமல் காட்டினால் பார்ப்பவர் மற்றவற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லிவிட்டுப் போவார்.

நாசாவின் எய்ம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த மைக்கேல் மெக்கர்டியும் சகாக்களும் 2006-ல் இதை மேலும் பிரித்தார்கள். ‘விவர அளவு’ என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவதில் ஐந்து தனி இழைகள் இருப்பதாகச் சொன்னார்கள். முதலாவது, காட்சி மெருகு. இரண்டாவது, செயல்களின் அகலம், அதாவது மொத்தச் செயல்களில் எத்தனை மாதிரியில் உள்ளன. மூன்றாவது, செயல்களின் ஆழம், அதாவது ஒரு செயலை எவ்வளவு தூரம் பின்தொடர முடியும். நான்காவது, ஊடாட்டத்தின் செழுமை. ஐந்தாவது, தரவின் செழுமை. ஒவ்வோர் இழையையும் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக உயர்த்தினால் அது முன்மாதிரியின் எல்லையைத் தாண்டி, கிட்டத்தட்ட முழுப்பொருளின் செலவில் வந்து நிற்கும். கேள்விக்கு வேண்டிய இழையை மட்டும் உயர்த்தி, மற்றவற்றைத் தாழ்வாகவே விடுவதுதான் அவர்கள் காட்டிய வழி.

இவற்றில் தமிழ் இடைமுகங்களைச் செய்பவர்கள் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டியது ஐந்தாவது இழை. செயலிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை வைத்து வரையப்பட்டு, கடைசியில் தமிழாக்கப்படுகின்றன. ‘பே நவ்’ என்று எழுதிய சிறு பொத்தானில் ‘இப்போதே பணம் செலுத்துக’ அடங்காது. ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?’ இரண்டு வரிக்கு மடியும். கீழே இருக்கும் பெட்டியை இடிக்கும். தமிழ் எழுத்துகளில் ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘கூ’வின் வால் கீழே இறங்கும், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் அவை வெட்டுப்படும்.

பெயர்களும் அப்படித்தான். மாதிரிப் படிவத்தில் குறுகிய ஆங்கிலப் பெயர் ஒன்றை இட்டால் எல்லாம் அழகாகத் தெரியும். உண்மையான பெயர்களை இட்டுப் பாருங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதும் நம் வழக்கத்தில் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்று ஒரு படிவம் அடம்பிடித்தால், அங்கே முதலெழுத்தை இடுவதா, தகப்பன் பெயரை முழுதாக இடுவதா, தன் பெயரையே இரண்டாம் முறை இடுவதா என்று ஒருவர் திகைப்பார். ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக எழுதிய பெயர்கள் பின்னொரு நாள் ஓர் அலுவலக மேசையில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நிற்கும். இந்தச் சிக்கலைக் கண்டுபிடிக்க நிரல் வேண்டாம், வண்ணம் வேண்டாம். வெள்ளைத்தாளில் வரைந்த படிவமும், திருநாவுக்கரசு, பாலசுப்பிரமணியன், மீனாட்சிசுந்தரம் என்று உண்மையான பெயருடைய சிலரும், ஒரு பேனாவும் போதும். தரவு மட்டும் மெய்யாக இருக்க வேண்டும்.

காகிதம் எட்டாத இடங்கள்

காகிதத்தின் எல்லையையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். நேரம் காகிதத்தில் தெரியாது. தட்டியதும் பத்தில் ஒரு நொடிக்குள் திரை அசைந்தால் தன் விரலே அதைச் செய்ததாகப் பயனர் உணர்கிறார். ஒரு நொடி வரை எண்ணம் அறுபடாமல் காத்திருக்கிறார். பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது. 1968-ல் ராபர்ட் மில்லர் செய்த ஆய்விலிருந்து வளர்ந்து, ஜேக்கப் நீல்சன் பரவலாக்கிய அளவுகள் இவை. தாளை மாற்றி வைக்கும் மனிதக் கை இந்த வேறுபாடுகள் எதையும் காட்டாது. பணம் அனுப்பும் செயலியில் காத்திருப்பு மூன்று நொடி நீண்டால் பயனர் பதற்றத்தில் இரண்டாம் முறை அழுத்துகிறாரா என்று அறிய, தாமதத்தை மெய்யாக வைத்த நிரல் மாதிரி வேண்டும். அதில் வண்ணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பின்னால் உண்மையான வங்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தொடுதலும் அப்படியே. விரலால் இழுப்பது, இரு விரலால் விரிப்பது, ஓடும் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகைக் கட்டைவிரலால் தட்டுவது, உச்சிவெயிலில் திரையைப் பார்ப்பது போன்ற கேள்விகளுக்கு மாதிரி உண்மையான கைபேசியில், உண்மையான அளவில் இருக்க வேண்டும். மேசைக் கணினியின் பெரிய திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பொத்தானின் அளவை முடிவு செய்யக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இன்னொன்று. பார்வையற்றவருக்கு முன்னால் காகிதத்தை நீட்ட முடியாது. பெரும்பாலான வரைகருவிகளில் செய்த வண்ணப் பக்கங்களும் அவருக்கு வெறும் படங்கள்தாம். அவர் கைபேசியை டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்களின் குரல்வழியே பயன்படுத்துகிறார். எந்த வரிசையில் எது வாசிக்கப்படுகிறது, பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா என்பதே அவருக்கு இடைமுகம். அதைச் சோதிக்க, வாசிப்பு வரிசையும் பெயர்களும் மெய்யாக அமைந்த எளிய நிரல் மாதிரி தொடக்கத்திலேயே வேண்டும். ஒருவர் திரைவாசிப்பானாக நடித்து வரிகளைப் படித்துக் காட்டுவதும் முதல் கட்டத்தில் உதவும். காகிதம் மலிவு என்பதற்காகக் காகிதத்தோடு நின்றுவிட்டால், முதல் கட்டத்திலேயே சிலரை வெளியே நிறுத்திவிடுகிறோம். கடைசிக் கட்டத்தில் அவர்களை அழைக்கும்போது எல்லாம் இறுகிப்போயிருக்கும்.

ஓர் ஒலிம்பிக், பல மாதிரிகள்

ஒரே திட்டத்தில் வெவ்வேறு விவர நிலைகள் எப்படி அடுத்தடுத்து வேலை செய்கின்றன என்பதற்கு 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் நல்ல சான்று. விளையாட்டு வீரர்களுக்காக ஐபிஎம் ஒரு குரல்வழிச் செய்திச் சேவையை உருவாக்கியது. வீரர் தொலைபேசியில் தன் நாட்டின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் பெயரையும் கடவுக்குறியையும் அழுத்தினால், தனக்கு வந்த செய்திகளைக் கேட்கலாம், மற்றவருக்கு அனுப்பலாம். வெளிநாட்டிலிருக்கும் பெற்றோரும் நண்பர்களும் தங்கள் நாட்டு ஒலிம்பிக் குழு அலுவலர் மூலம் குரல்செய்தி விடலாம். பன்னிரண்டு மொழிகள். விளையாட்டுகள் தொடங்கும் நாளைத் தள்ளிப்போட முடியாது. அதற்குப் பிறகு திருத்தக் கால அவகாசமும் கிடையாது.

ஜான் கௌல்ட் தலைமையிலான குழு நிரலில் தொடங்கவில்லை. சேவையோடு ஒருவர் நடத்தக்கூடிய உரையாடலை நாடக வசனம்போலத் தாளில் எழுதி, பலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்த வசதிகள் வேண்டும், எவை வேண்டாம் என்பது அந்தத் தாள்களின்மேல் நடந்த பேச்சிலேயே பெருமளவு தெளிந்தது. பயனர் கையேட்டையும் தொடக்கத்திலேயே எழுதினார்கள். விளக்க முடியாத ஒன்று கையேட்டில் தடுக்கினால், சேவையையே எளிதாக்கினார்கள். அதன்பின் வந்தன கணினியில் ஓடும் பாவனை மாதிரிகள். ஒலிம்பிக் கிராமத்தில் நிறுவ வேண்டிய சேவைக் கூண்டுக்கு (கியோஸ்க்), ஆய்வகக் கூடத்தில் ஒரு வெற்று உருளையை நிறுத்திப் போகிறவர் வருகிறவர் கருத்தைக் கேட்டார்கள். சேவை ஓடத் தொடங்கியதும் காப்பியும் டோனட்டும் தந்து ஆட்களை அழைத்துச் சோதித்தார்கள். முடிந்தால் இதை உடைத்துக் காட்டுங்கள் என்று மாணவர்களுக்குச் சவால் விட்டார்கள். 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முன்னோட்டப் போட்டிகளில் உண்மையான வீரர்களிடம் களச்சோதனையும் செய்தார்கள்.

எழுதிய வசனத்தில் மொழி மெய். வெற்று உருளையில் இடமும் உயரமும் மெய். உடைக்கும் சோதனையில் சுமை மெய். களச்சோதனையில் பயனர்கள் மெய். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று மாறி ஒன்று மெய்யாகி, கடைசியில் எல்லாம் மெய்யானபோது பெரிய அதிர்ச்சி எதுவும் மிச்சமிருக்கவில்லை. விளையாட்டுகளை ஒட்டிய நான்கு வாரங்களில் இரவு பகலாக இயங்கிய அந்தச் சேவை 40,000 முறைக்கு மேல் பயன்படுத்தப்பட்டது.

கௌல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985-ல் மூன்று கோட்பாடுகளை எழுதிவைத்தார்கள்: பயனரைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளுங்கள், அவர்கள் பயன்படுத்துவதை அளந்து பாருங்கள், கண்டதை வைத்துத் திருத்தி மீண்டும் சோதியுங்கள். அன்றைய வடிவமைப்பாளர்களிடம் கேட்டபோது இந்த மூன்றையும் தாமாகச் சொன்னவர்கள் மிகச் சிலரே என்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். எளிமையாகத் தெரிவது எளிதாக நடந்துவிடுவதில்லை.

நடக்காமல் போவதற்கு அடிப்படைக் காரணம் வரிசை. முதலில் முடிவு, பிறகு நிரல், கடைசியில் பயனர் என்று வைத்தால், பயனர் சொல்லும் எந்தக் குறையும் செலவாகவே தெரியும். ‘அடுத்த பதிப்பில் பார்க்கலாம்’ என்ற பதில்தான் கிடைக்கும். மருத்துவமனையில் அந்தத் திரையோடு இரவெல்லாம் போராடும் செவிலியருக்கும், டிக்கெட் இயந்திரத்தைக் கையில் பிடித்தபடி கூட்டத்துக்குள் நகரும் நடத்துநருக்கும், உதவித்தொகைப் படிவத்தை நிரப்பும் முதியவருக்கும் அடுத்த பதிப்பு என்பது பல நேரங்களில் வராமலே போகும் ஒன்று. பாதியில் நிற்கும் முன்மாதிரி அவர்களைச் சரியான நேரத்தில் மேசைக்கு அழைக்கிறது. அவர்கள் சொல்வது எதையும் உடைக்காமல் ஏற்கக்கூடியதாக இருக்கும் நேரத்தில்.

ஆகவே பேனாவையோ மென்பொருளையோ திறக்கும் முன் மூன்று வரிகளை எழுதிக்கொள்வது நல்லது. இந்த மாதிரி எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது? அந்த விடை நம்பத்தக்கதாக இருக்க, எந்த ஓர் இழை மெய்யாக இருக்க வேண்டும்? எந்த விடை வந்தால் நாம் எதை மாற்றுவோம்? முதல் வரி தெளிவானால் இரண்டாவது தானே வரும். எவ்வளவு விவரம் வேண்டும் என்ற விவாதம் அங்கேயே முடிந்துவிடும். கடினமானது மூன்றாவது வரி. அதை எழுத முடியாத குழு, முன்மாதிரியைக் காட்டினாலும் இன்னும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எழுதி, வந்த விடைக்கு ஏற்ப மாற்றவும் செய்யும் குழுவுக்குச் சிறு மரத்துண்டும் ஆய்வுக்கருவியாகும்.